கணினிவழி உடலியங்கியலும் மருத்துவமும் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், செவிலியம், மருந்தியல் முதலிய உயர்கல்விப் படிப்புகளில் உடலியங்கியல் கற்பிப்போரும் கற்போரும் கணினிவழிப் பாடம் குறித்துத் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதைவிட, கணினியை எதற்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதிலேயே இந்த விடைகள் கவனம் செலுத்துகின்றன.

உடலியங்கியலுக்குக் கணினி இவ்வளவு பொருந்துவது ஏன்?

உடற்கூறியல் ஓர் உறுப்பின் வடிவைச் சொல்கிறது. உடலியங்கியல் அந்த உறுப்பில் நொடிக்கு நொடி நிகழும் மாற்றத்தைச் சொல்கிறது. மாற்றத்தை அச்சிட்ட பக்கத்தில் காட்டுவது கடினம். ஒருவர் ஒரு லிட்டர் இரத்தத்தை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் அளவு குறைகிறது. தமனி அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனிகளிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்திச் சிறுதமனிகளைச் சுருக்குகின்றன. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து, இறங்கிய அழுத்தத்தைப் பழைய நிலையை நோக்கி உயர்த்துகின்றன. பாடநூல் இதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும். உடலிலோ இவை ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்றின் விளைவு மற்றொன்றின் காரணமாகிச் சுற்றி வருகிறது. பத்துப் பன்னிரண்டு அளவுகள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும் அமைப்பை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது யாருக்கும் எளிதன்று. அந்த ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது கணினிக்கு எளிது.

இது அண்மைக்காலத்து முயற்சியா?

இல்லை. இதன் வேர் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் செய்த சோதனைகளைக் கொண்டு, நரம்புத் துடிப்பு எழும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியில் அந்தச் சமன்பாடுகளுக்கு விடை கண்டார். சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும் ஒரு நிகழ்வுக்கு எத்தனையோ மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. இன்று அதே சமன்பாடுகளை ஒரு மாணவர் கைப்பேசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டிப் பார்க்கிறார். அதன் பிறகு 1960-களின் தொடக்கத்தில் டெனிஸ் நோபிள், அந்த அணுகுமுறையை இதயத் தசைச் செல்லுக்கு விரித்தார்.

1972-இல் ஆர்தர் கைட்டனும் அவருடைய சகாக்களும் இரத்த ஓட்டத்தின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாட்டை நூற்றுக்கணக்கான கணக்கீட்டுக் கட்டங்கள் கொண்ட ஒற்றைக் கணித மாதிரியாக (model) வெளியிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த தாமஸ் கோல்மன் பின்னர் அதே வழியில் மாணவர்களும் பயன்படுத்தத்தக்க ‘ஹியூமன்’ என்ற நிரலை உருவாக்குவதில் பங்கேற்றார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடும் லண்டனின் புனித பர்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியோடும் தொடர்புடையவர்கள் 1970-களில் உருவாக்கிய நிரல்களும் இங்கே குறிப்பிடத்தக்கவை: இரத்த ஓட்டத்துக்கு மேக்மேன், மூச்சுக்கு மேக்பஃப், உடல் நீர்மங்களுக்கும் சிறுநீரகத்துக்கும் மேக்பீ, மருந்துகளுக்கு மேக்டோப். பெயரின் முன்னொட்டு மெக்மாஸ்டரிலிருந்து வந்தது. மெக்கின்டாஷ் கணினி சந்தைக்கு வந்ததே 1984-இல்தான். படமே இல்லாமல், எண்களை மட்டும் வரிவரியாக அச்சிட்ட அந்த நிரல்கள் மாணவர்களைச் சிந்திக்க வைத்தன என்பதைப் பளபளப்பான திரைகளின் காலத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சிமுலேஷனை, அதாவது உடலின் இயக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டும் நிரலை, வகுப்பில் எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. பெரும்பாலான வகுப்புகளில் மாணவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், வளைகோடு மாறுகிறது, மாணவர் அதைப் படியெடுத்துக்கொண்டு அடுத்த பொத்தானுக்குப் போகிறார். கை வேலை செய்கிறது; மனம் வேலை செய்வதில்லை. பொத்தானை அழுத்துமுன் என்ன நிகழும் என்று மாணவர் எழுதிவைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதி, வகுப்பின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

இந்த விதியை நிரலின் உள்ளமைப்பாகவே வைத்த முன்னோடி, ஜோயல் மைக்கேலும் ஆலன் ரோவிக்கும் ரஷ் மருத்துவக் கல்லூரியில் உருவாக்கிய சர்க்சிம் ஆகும். அழுத்த உணரி அனிச்சைச் செயலைக் கற்பிக்கும் அந்த நிரல் ஏழு அளவுகளை மாணவர் முன் வைக்கிறது: மையச் சிரை அழுத்தம், இதயத் தசையின் சுருங்கு திறன், துடிப்பொன்றுக்கு வெளியேறும் அளவு, துடிப்பு வீதம், இதய வெளியீடு, மொத்தப் புறத் தடை (இரத்தக் குழாய்கள் ஓட்டத்துக்குத் தரும் எதிர்ப்பு), சராசரித் தமனி அழுத்தம். ஒவ்வொன்றும் கூடுமா, குறையுமா, மாறாதிருக்குமா என்பதை மூன்று கட்டங்களுக்குத் தனித்தனியே மாணவர் சொல்ல வேண்டும்: மாற்றம் நிகழ்ந்த உடனே, அனிச்சைச் செயல் எழும்போது, எல்லாம் நிலைபெற்ற பிறகு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதயமுடுக்கி பொருத்தப்பட்ட ஒருவரிடம் அந்தக் கருவி பழுதுபட்டு, துடிப்பு வீதம் நிமிடத்துக்கு 72-லிருந்து 120-க்குத் தாவுகிறது. உடனே என்ன ஆகும்? இதய வெளியீடு கூடும், தமனி அழுத்தம் ஏறும் என்பது வரை மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மையச் சிரை அழுத்தத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதயம் கூடுதலாக வெளியேற்றினால் கூடுதலாகத் திரும்பி வரும், ஆகவே சிரை அழுத்தமும் கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதயம் இரத்தத்தைச் சிரைப் பக்கத்திலிருந்து தமனிப் பக்கத்துக்கு முன்னைவிட வேகமாக நகர்த்துவதால் சிரை அழுத்தம் இறங்குகிறது. அதன் விளைவாக இதயம் நிரம்பும் அளவு குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவதும் குறைகிறது. இரண்டாம் கட்டத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அனிச்சைச் செயல் துடிப்பைக் குறைக்கும் என்று மனப்பாடம் செய்தவர், இங்கும் அப்படியே எழுதிவிடுகிறார். துடிப்பைக் கட்டுப்படுத்துவது பழுதுபட்ட கருவி. ஆகவே துடிப்பு மாறாது. தசையின் சுருங்கு திறனும் புறத் தடையும்தான் குறையும். இறுதியில் அழுத்தம் சற்று இறங்கினாலும், தொடக்கத்தில் இருந்ததைவிட மேலேயே நிற்கும்; ஏனெனில் அனிச்சைச் செயல் பிழையைக் குறைக்குமே தவிர முழுமையாகத் துடைத்துவிடாது.

முன்கூட்டியே எழுதாத மாணவருக்கு இந்த விடைகள் வெறும் தகவல். எழுதித் தவறியவருக்கோ, எந்த இடத்தில் தன் காரணச் சங்கிலி அறுந்தது என்பது கண்முன்னே தெரிகிறது. இருவர் மூவராக அமர்ந்து, எழுதுமுன் தங்களுக்குள் வாதிடச் செய்தால் பயன் இன்னும் கூடுகிறது. தனியாக ஒருவர் தயங்காமல் அழுத்திவிடும் பொத்தானை, மூவர் சேர்ந்திருக்கும்போது காரணம் கேட்காமல் அழுத்த விடுவதில்லை.

நகரும் படங்களும் காணொளிகளும் போதாதா?

சில இடங்களில் போதும். சிறுநீரகத்தில் நீர்மம் அருகருகே எதிரெதிர்த் திசைகளில் ஓடும் எதிரோட்ட அமைப்பைப் போல இடமும் ஓட்டமும் பிணைந்த பாடங்களில் நல்ல அசைவூட்டம் மிகவும் உதவுகிறது. ஆனால் பார்ப்பது எளிதாக இருப்பதால் புரிந்துவிட்டது என்ற பொய் நிறைவு எழுகிறது. ஹீமோகுளோபினின் ஆக்ஸிஜன் பிணைப்பு வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜனின் பகுதியழுத்தம் 100 மி.மீ. பாதரசத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது செறிவு சுமார் 97 விழுக்காட்டிலிருந்து 90-க்குத்தான் வருகிறது. அடுத்த 20 மி.மீ. இறக்கத்திலோ 75-க்குச் சரிந்துவிடுகிறது. இதைக் காணொளியில் கேட்டவர் தலையசைக்கிறார். புள்ளியைத் தானே கோட்டின் மீது இழுத்துச் சென்று, எங்கே சரிவு தொடங்குகிறது என்று தேடியவர், விரலில் மாட்டும் கருவி 90-ஐக் காட்டும்போது ஏன் பதற வேண்டும் என்பதை உணர்கிறார்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை, ரிச்சர்ட் மேயர் முதலியோர் பல்லூடகக் கற்றல் குறித்துச் செய்த ஆய்வுகள் நடைமுறைக்கு உதவும் சில முடிவுகளைத் தருகின்றன. படத்தோடு குரல் விளக்கம் ஒலிக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் எழுதிக் காட்டுவது சுமையைக் கூட்டுகிறது. பெயர்ச்சீட்டு அந்தந்தப் பாகத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். நீண்ட விளக்கத்தை மாணவர் தாமே நிறுத்தி நகர்த்தும் சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அழகுக்காக மட்டும் சேர்த்தவற்றை நீக்கிவிட வேண்டும்.

விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைகளுக்குக் கணினி மாற்றாகுமா?

மருத்துவ மாணவர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களில் ஆகும். 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மாற்றுதல், குறைத்தல், மென்மைப்படுத்தல் என்ற மூன்று நெறிகளில் முதலாவதை நிறைவேற்றும் வழி கற்பித்தலில்தான் மிக அருகில் இருக்கிறது. ஏனெனில் ஆய்வில் விடை தெரியாது, வகுப்பிலோ விடை முன்பே தெரியும். தவளையின் நரம்பையும் தசையையும் பிரித்தெடுத்துத் தூண்டும் சோதனையில் கால் பங்கு நேரம்கூடச் சிந்திப்பதில் செலவானதில்லை. திசு உலராமல் காப்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும். அதே தூண்டல் வலிமை, அதே சுருக்கப் பதிவு ஆகியவற்றைத் திரையில் பெறும் மாணவர் தசைக்களைப்பையும் தொடர்ச்சுருக்கத்தையும் பலமுறை செய்து பார்க்கலாம்.

எனினும் ஓர் இழப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. உயிருள்ள திசு ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. சோதனை சில சமயம் தோற்றுப்போகும். வந்த அளவீட்டை நம்பலாமா என்ற ஐயம் எழும். எப்போதும் ஒரே விடை தரும் நிரல் இந்த ஐயத்தைக் கற்பிப்பதில்லை. இதற்கு நல்ல ஈடு, மாணவர்கள் தங்கள் உடலிலேயே அளந்து பார்ப்பது. 1840-களில் கார்ல் லுட்விக் அமைத்த சுழலும் உருளைப் பதிவுக் கருவியின் இடத்தை இன்று உணரிகளோடு இணைந்த கணினி பிடித்திருக்கிறது. தன் இதய மின்வரைபடத்தையும், படிக்கட்டு ஏறிய பின் தன் துடிப்பு வீதத்தையும், மூச்சின் கொள்ளளவையும் பதிவு செய்யும் முப்பது மாணவர்களிடம் முப்பது விதமான எண்கள் இருக்கும். மாறுபாடு என்பது பாடநூலின் சராசரிக்குப் பின்னால் இருக்கும் உண்மை என்பது அப்போது விளங்குகிறது.

மாதிரி தரும் விடையை எவ்வளவு நம்பலாம்?

அதன் சமன்பாடுகளும் அவற்றில் இட்ட எண்களும் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே. பல மாதிரிகளின் ‘நோயாளி’ 70 கிலோ எடையுள்ள, நலமான, இளவயது ஆண். கருவுற்ற பெண்ணையோ குழந்தையையோ முதியவரையோ அவர் காட்டுவதில்லை. எதை விட்டுவிட்டார்கள் என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஓர் எளிய மூச்சு மாதிரியில் நுரையீரலின் நுண்ணறைக் காற்றோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், தமனியின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40-லிருந்து 80 மி.மீ. வரை ஏறும். கணக்கு சரி. ஆனால் அந்த ஏற்றமே மூச்சைத் தூண்டிவிடும் என்பது மாதிரியில் சேர்க்கப்படாதிருந்தால், விழித்திருக்கும் நலமான மனிதரிடம் அது பொருந்தாது. மூச்சு மையம் மருந்தால் ஒடுக்கப்பட்டவரிடம் பொருந்தும். மாதிரி எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வதை நான் ஒரு பயிற்சியாகவே பரிந்துரைக்கிறேன்.

பாவனை நோயாளிகளின் பங்கு என்ன?

தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏப்ரஹாம்சனும் டென்சனும் மயக்கவியல் பயிற்சிக்காக 1960-களில் உருவாக்கிய ‘சிம் ஒன்’ என்ற மனித உருவப் பொம்மை கணினியால் இயங்கியது. அதன் மார்பு ஏறி இறங்கியது, கண்கள் இமைத்தன, செலுத்திய மருந்துக்கு ஏற்ப அதன் துடிப்பும் அழுத்தமும் மாறின. 1968-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்டன் அறிமுகப்படுத்திய ‘ஹார்வி’ பல்வேறு இதய நோய்களின் ஒலிகளையும் நாடித்துடிப்புகளையும் எழுப்பியது. இவற்றின் பெரும்பயன், உயிருக்கு ஆபத்தான தவற்றை யாருக்கும் தீங்கின்றிச் செய்து பார்க்க முடிவதே. ஆனால் பொம்மையின் அருகில் நிற்கும் இருபது நிமிடங்களைவிட, அதற்குப் பின் அமர்ந்து என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பேசும் நேரத்தில்தான் கற்றல் ஆழப்படுகிறது. நேர அட்டவணையில் அந்தப் பேச்சுக்கு இடம் ஒதுக்காத நிறுவனம் விலையுயர்ந்த கருவியை வீணாக்குகிறது.

உடற்கூறியலில் பிணத்தை அறுத்துக் கற்பதைத் திரை ஒழித்துவிடுமா?

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ‘காணத்தகு மனிதர்’ திட்டம் 1994-இல் ஓர் ஆணுடலை 1 மி.மீ. இடைவெளியிலும், 1995-இல் ஒரு பெண்ணுடலை 0.33 மி.மீ. இடைவெளியிலும் குறுக்குவெட்டுப் படங்களாக வெளியிட்டது. சிடி, எம்ஆர்ஐ படங்களைப் படிக்கப் பழகுவதற்கு இத்தகைய தரவு மிகச் சிறந்தது. திசுவின் இறுக்கமும், ஒவ்வோர் உடலிலும் தமனிகள் கிளைக்கும் வேறுபாடும் கையால் தொட்டால்தான் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

கணினியில் கற்றவர்கள் கூடுதலாகக் கற்கிறார்களா?

கேள்வியை இப்படிக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் ஊடகம் தானாகக் கற்றலை உயர்த்துவதில்லை, கற்பிக்கும் முறையே உயர்த்துகிறது என்று வாதிட்டார். விரிவுரையையும் கணினிப் பாடத்தையும் ஒப்பிடும் ஆய்வில் ஊடகத்தோடு பயிற்சியின் அளவு, செலவிட்ட நேரம், பின்னூட்டம் எல்லாமே மாறிவிடுவதால், எது பயன் தந்தது என்று பிரித்தறிய முடிவதில்லை. டேவிட் குக்கும் அவருடைய குழுவினரும் மருத்துவத் துறைகளின் இணையவழிக் கல்வி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட பகுப்பாய்வும் இதனோடு ஒத்துப்போகிறது: ஒன்றுமே கற்பிக்காததோடு ஒப்பிட்டால் இணையவழிப் பாடத்தின் பயன் பெரிது, மற்றக் கற்பித்தல் முறைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிது. ஆகவே எந்த வகைக் கணினிப் பாடம், எந்த நோக்கத்துக்கு, எந்த நிலை மாணவருக்கு என்று கேட்பதே பயனுள்ளது.

ஒரு முடிவு மட்டும் மிக உறுதியானது. மீண்டும் வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்டகால நினைவுக்கு நல்லது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினர். இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேள்வி கேட்கும் வேலையைக் கணினி சலிப்பின்றிச் செய்யும். மருந்துப் பெயர்களுக்கும் இயல்பு அளவுகளுக்கும் இது பொருத்தமானது. காரண விளைவுகளுக்கு மேலே சொன்ன முன்கணிப்புப் பயிற்சியே வேண்டும்.

தேர்வுகளைக் கணினியில் நடத்துவதால் என்ன மாறுகிறது?

தாளில் இருந்த பலவுள் தெரிவு வினாவைத் திரைக்கு மாற்றினால் திருத்தும் வேலை குறையும், அவ்வளவே. 1999-இல் கணினிக்கு மாறிய அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படியில் வேறொரு வகையும் சேர்க்கப்பட்டது: விடைப் பட்டியல் எதுவும் தரப்படாமல், என்ன சோதனை, என்ன சிகிச்சை என்பதைத் தேர்வரே எழுதி ஆணையிடுகிறார், நோயாளியின் நேரம் நகர்கிறது, தாமதித்தால் நிலைமை மாறுகிறது. இதுவே கணினியால் மட்டும் ஆகக்கூடியது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை மாணவர் பயன்படுத்தலாமா?

கணினி ஆசிரியராக உரையாட வேண்டும் என்ற எண்ணம் பழையது. தொற்றுநோய்களைக் கண்டறிய ஸ்டான்ஃபோர்டில் 1970-களில் உருவான மைசின் என்ற நிரலின் அறிவை வைத்து, வில்லியம் கிளான்சி ‘கைடன்’ என்ற கற்பிக்கும் நிரலை அமைத்தார். அங்கே தெரியவந்த உண்மை இன்றும் பொருந்தும்: சரியான விடை காணும் திறமை, அதைப் பிறருக்கு விளக்கும் திறமையாகத் தானே மாறிவிடுவதில்லை. இன்றைய மொழி மாதிரிகள் சரளமாக எழுதுகின்றன. தவற்றையும் அதே சரளத்தோடு எழுதுகின்றன. பாடத்தில் புதியவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே விளக்கம் கேட்பதைவிட, மாணவர் தம் விளக்கத்தை எழுதி, அதில் ஓட்டை எங்கே என்று கேட்டு, வந்த பதிலைப் பாடநூலோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது. நோயாளியின் பெயரையோ, அடையாளம் காணத்தக்க விவரத்தையோ எந்த நிலையிலும் அதில் இடக்கூடாது.

ஆசிரியரின் தேவை குறையுமா?

குறையாது, வேலை மாறும். பத்துக் குழுக்களின் முன்கணிப்புகளைப் பார்த்து, எந்தத் தவறு பொதுவானது, எதை எல்லோர் முன்னும் பேச வேண்டும், யாரை இன்னும் சற்றுத் தடுமாறவிட வேண்டும் என்று முடிவு செய்வது கடினமான வேலை. விரிவுரையைவிட இதற்குக் கூடுதல் தயாரிப்பு தேவை.

வசதி குறைந்த ஒரு துறை எங்கிருந்து தொடங்கலாம்?

விரிதாளிலிருந்து. செல்சவ்வின் இருபுறமும் உள்ள அயனிச் செறிவுகளிலிருந்து சமநிலை மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மாணவர்களே அதில் எழுதட்டும். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் 140, வெளியே 4 மில்லிமோல் என இட்டால், உடல் வெப்பநிலையில் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 95 மில்லிவோல்ட் என வரும். வெளியே உள்ள 4-ஐ 8 ஆக்கச் சொல்லுங்கள். முன்பே விடையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். மைனஸ் 76-க்கு வந்து நிற்கும். பிறகு சோடியத்துக்கும் அதே வரிசையை எழுதி, வெளியே உள்ள 140-உடன் அதே 4 மில்லிமோலைக் கூட்டி 144 ஆக்கச் சொல்லுங்கள். சமநிலை மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்கூட நகராது. 4 மில்லிமோல் பொட்டாசியம் கூடினால் இதயம் ஏன் ஆபத்துக்குள்ளாகிறது, 4 மில்லிமோல் சோடியம் மாறினால் மருத்துவர் ஏன் அந்த அளவுக்குப் பதறுவதில்லை என்று அப்போது மாணவர் ஒருவராவது கேட்பார். ஓய்வு நிலையில் செல்சவ்வு பொட்டாசியத்துக்கே பெரிதும் வழிவிடுகிறது என்ற பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.